நாலாவது வரி

செவ்வாய்க்கிழமை காலை 7.15. டயாலிசிஸ் பிரிவில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது.

அதில் உட்கார வேண்டியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவார். ஊசி குத்த வரும் நர்ஸிடம், "சிஸ்டர், இன்னிக்கு எந்த மாடிக்குப் போறோம்?" என்று கேட்பார். 7.40க்கு அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் இதயம் நின்றுவிட்டது. வயது நாற்பத்தாறு. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவருடைய குறியீடு பி 273.

மூன்று நாள் கழித்து, காலை 9.30க்கு அவருடைய அக்கா ஆஸ்பத்திரி கவுண்டரில் வந்து நின்றார். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அழவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது.

"என் தம்பி நம்பர் 273. நாலு வாரம் முன்னாடி இங்க ஒரு கிட்னி வந்துச்சு. அவன் பக்கத்து நாற்காலி அம்மாவுக்குக் குடுத்தீங்க. அவங்க 419. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை, ஒரே தரம். முதல்ல பதிஞ்சவங்களுக்குத்தானே முதல்ல?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் போடுறதும்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"சரி. அந்தக் கம்ப்யூட்டரை யார் கேள்வி கேக்கலாம்னு எழுதிக் குடுங்க."

பி 419 என் மனைவி. அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஓட்டி எடுத்தவன் நான்.

அவள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நடந்ததை எழுத வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதாமல் இருந்தவன் நான்தான். நான் இல்லாத இடங்களில் நடந்ததை விசாரணை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் இருந்த இடங்களை எதிலும் படிக்கத் தேவையில்லை.

முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு உண்டு. ஓர் ஆங்கில எழுத்து, ஓர் எண். எழுத்து உடல்நிலையின் அவசரம்: ஏ என்றால் மிக அவசரம், அடுத்தது பி, பிறகு சி. எண் என்பது பதிவு செய்த வரிசை. தானமாகச் சிறுநீரகங்கள் கிடைத்தால் ஒன்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும், ஒன்று எங்களுக்கு வரும். உடனே ஆபரேட்டர் ஒரு புரோகிராமை ஓட்ட வேண்டும். அது ரத்தமும் திசுவும் பொருந்துகிறவர்களைப் பொறுக்கி, குறியீட்டின்படி வரிசையாக அடுக்கி, ஒரு தாளில் அச்சிடும். முதல் வரியில் இருப்பவருக்குப் போன் போகும். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இது. பிற்பகல் 3.40க்கு வீட்டில் இருந்த எனக்குப் போன் வந்தது. இன்னொரு ஆபரேட்டர் விடுப்பில் இருந்தார். நான் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். 4.35க்கு புரோகிராமை ஓட்டினேன். பிரிண்டரிலிருந்து வந்த தாளில் ஆறு வரிகள்:

பி 419
பி 273
பி 318
சி 430
சி 156
சி 227

கையெழுத்துப் போட்டேன். 4.40க்கு ஒருங்கிணைப்பு சிஸ்டரிடம் கொடுத்தேன். அன்றே அறுவை நடந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவளுடைய துணிமணி எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு ஏழரைக்குத் திரும்பி வந்தபோது, ஐசியூ கண்ணாடி வழியாக ஒரு நர்ஸ் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விசாரணைக்கு வந்தவர் சுகாதாரத் துறையின் ஆய்வு அதிகாரி. ஐம்பது தாண்டிய பெண்மணி. குள்ளம். தோளில் மளிகைச் சாமான் வாங்கப் போகிறவர் போல ஒரு துணிப்பை. அதிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு மர ஸ்கேல். எந்தக் காகிதமானாலும் வரிக்கு வரி ஸ்கேலைக் கீழே வைத்துத்தான் படிப்பார். கடைசி வரி முடியும்வரை தலை நிமிராது. முதல் நாள் மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஸ்கேல் அம்மா என்று பெயர் ஆகிவிட்டது.

திங்கள், காலை 10.05. ஒருங்கிணைப்பு சிஸ்டர்.

"இந்தத் தாளை முழுசாப் படிச்சீங்களா?"

"மேல இருக்கிறவங்களுக்குத்தானே மேடம் போன் பண்ணணும்."

"நான் அதைக் கேக்கல."

"முதல் ரெண்டு வரி பாத்தேன்."

"419, 273-க்கு மேல நிக்குது. மனசுல எதுவும் இடிக்கலையா?"

"இடிச்சுது. ஆனா மெஷின் போட்டது. நமக்குத் தெரியாத எதையாவது அது பாத்திருக்கும்னு நினைச்சேன். கையால லிஸ்ட் எழுதின காலத்துல இப்படி வந்திருந்தா அந்த எடத்துலயே சண்டை போட்டிருப்பேன் மேடம்." தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மெக்கானிக்கை எனக்குப் பன்னெண்டு வருஷமாத் தெரியும். அன்னிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்."

10.50. கணினி அறையின் தலைவர். ஹெட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கே நின்றாலும் எதையாவது நீவிவிட்டுக்கொண்டே இருப்பவர். அன்று மேசை விரிப்பை நீவினார்.

"மூணு பூட்டு மேடம். புரோகிராமை யாரும் திருத்த முடியாது, அது என் சாவி. நோயாளிங்க விவரத்தை யாரும் திருத்த முடியாது, அது டீன் சாவி. யார் எப்ப ஓட்டினாங்கன்னு எழுதுற பதிவேட்டை நானும் டீனும் சேர்ந்தாக்கூடத் தொட முடியாது. எறும்பு போக வழியில்ல."

"எறும்பு போகல. 419 போயிருக்கே."

"ஏதோ கோளாறு."

"ரொம்பப் பாசமான கோளாறா இருக்கே. தேடிப் பிடிச்சு ஆபரேட்டர் பொண்டாட்டியை மேல தூக்கி வெச்சிருக்கு."

ஹெட் அவர் கண்ணெதிரே தன்னுடைய கணக்கில் நுழைந்து, அந்த வெள்ளிக்கிழமை விவரங்களைக் கொண்டே புரோகிராமை ஓட்டிக் காட்டினார். 273, 318, 419, பிறகு 156, 227, 430. அப்பழுக்கில்லாத வரிசை. என்னைக் கூப்பிட்டு என் கணக்கிலும் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். அதே சரியான வரிசைதான் வந்தது. அப்போது என் கை நடுங்கவில்லை. அந்த நடுங்காத கையை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

11.30. நான்.

"உங்க சம்சாரம் பேர் வரக்கூடிய லிஸ்ட்டை நீங்களே ஓட்டலாமா தம்பி?"

"வேற ஆள் இல்ல மேடம். ஓட்டுறதுன்னா ஒரு கட்டளை அடிக்கிறது. அதுல நான் செய்றதுக்கு எதுவுமே இல்ல."

"அதான் எல்லாரும் சொல்றீங்க. யாரும் எதுவும் செய்யல. ஒருத்தர் மட்டும் செத்துப் போயிட்டார்."

ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"வாரத்துக்கு எத்தனை லிஸ்ட் பாப்பீங்க?"

"நாலு. அஞ்சு."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

அதைக் குறித்துக்கொண்டார். அதை எதற்குக் குறித்துக்கொள்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரியாதது போல இருந்தேன் என்பது இன்னும் சரி.

செவ்வாய், காலை 9.20. கணினி அறைக்குள் வந்ததும் ஸ்கேல் அம்மா அந்தத் தாளை மேசையில் போட்டு, நாலாவது வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். ஹெட்டும் நானும் குனிந்து பார்த்தோம்.

"எல்லாரும் முதல் வரியையே முறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க. இதைப் பாருங்க. சி 430. இவர் 156-க்கும் 227-க்கும் கீழ இருக்கணும். மேல இருக்கார். நேத்து சாயங்காலம் இவரைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். அச்சகத்துல பைண்டிங் வேலை. இந்த ஆஸ்பத்திரியில வாட்ச்மேனைக்கூட அவருக்குத் தெரியாது. நாலாவது இடத்துக்கு வந்ததால அவருக்கு ஒரு புண்ணியமும் இல்ல."

ஹெட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"419-ஐ யாராவது கையால தூக்கி மேல வெச்சிருந்தா, அதோட விட்டிருப்பாங்க. 430-ஐ எதுக்குத் தொடணும்? கோளாறுன்னா எல்லாமே கலைஞ்சிருக்கணும். மத்த நாலும் ஒழுங்கா நிக்குதே. ஏறினது ரெண்டே ரெண்டு. ரெண்டுக்கும் முதல் எண் நாலு." ஸ்கேலால் மேசையை ஒருமுறை தட்டினார். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு அப்புறம்தான் நாலுன்னு இந்த மெஷினுக்கு யார் சொல்லிக் குடுக்கிறது?"

ஹெட்டின் கை அப்படியே நின்றது. எதையும் நீவாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

"அது... லொக்கேல் மேடம்."

பிறகு அவர் சொன்னதை அந்தம்மா ஒரு பள்ளிப் பிள்ளை போல எழுதிக்கொண்டார். தேதியை எப்படி எழுதுவது, எண்களுக்கு நடுவே எங்கே புள்ளி வைப்பது, எழுத்துகளையும் எண்களையும் எந்த வரிசையில் அடுக்குவது, இதெல்லாம் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி மாறும். அந்த வழக்கத்தை ஓர் அட்டவணையாக எழுதி மெஷினில் வைத்திருப்பார்கள். அதற்குத்தான் லொக்கேல் என்று பேர். எங்கள் புரோகிராம் எழுதப்பட்ட மொழியில் ஒரு வசதி உண்டு. 'என்னை ஓட்டுகிறவர் எந்த அட்டவணையை வைத்திருக்கிறாரோ அதையே நான் பின்பற்றுகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அவரவர் மொழியில் மாதப் பெயர் வரும், அவரவர் வழக்கப்படி பெயர்கள் அடுக்கப்படும். எங்கள் புரோகிராமில் அந்த வரி இருந்தது. குறியீடுகளை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்தே அது அடுக்கும். எந்த எழுத்து முன்னே, எது பின்னே என்பதை அட்டவணையிடம் கேட்கும்.

"ஓட்டுறவர் தன் சொந்த அட்டவணையைக் கொண்டு வரலாமா?"

"தன்னோட ஃபோல்டர்ல வெச்சு, அது எங்க இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டா... வரலாம்."

"அதுல நாலை எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சுட்டா?"

"புரோகிராம் அதை நம்பும்."

"ஆக வீட்டுக் கதவுக்கு மூணு பூட்டு போட்டுட்டு, வர்றவன் கொண்டு வர்ற அளவுகோலாலயே அளந்து குடுத்திருக்கீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தப் புரோகிராம் வந்ததிலிருந்து அதைப் பத்தி வந்த ஒவ்வொரு காகிதமும் எனக்கு வேணும். துணி சுத்தி வெச்ச பழைய கட்டு இருந்தாலும் சரி. அப்புறம், ஆபரேட்டர் ஃபோல்டர்களைத் தினமும் டேப்ல நகல் எடுப்பீங்களாமே. அந்த வெள்ளிக்கிழமை டேப்."

தினமும் மாலை நாலு மணிக்கு நகல் எடுக்கப்படும். அந்த டேப்பை மாற்றுவது என் வேலை. அந்த டேப் என் அலமாரியில்தான் ஐந்து வாரம் இருந்தது. அதன் மேல் வேறு எதையாவது பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அலமாரியைத் திறந்து அதைப் பார்த்தேன். மூடினேன்.

அலமாரியைத் திறந்து டேப்பை அவர் கையில் கொடுத்தேன்.

வெள்ளி, காலை 11.00. எங்கள் வீடு.

என் மனைவி முகமூடி அணிந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அறுவை நடந்து ஆறாவது வாரம். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. அதை எல்லோரும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஸ்கேல் அம்மா எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பழுப்புக் கடிதம் எடுத்தார்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"வேலைக்குப் போயிட்டிருந்த காலத்துல என்ன வேலை?"

"மொழி அட்டவணைங்க எழுதுறது. மெஷின்ல நம்ம மொழியில தேதி, மாசம், வரிசை எல்லாம் சரியா வர்றதுக்கு. உடம்பு கெட்டதும் விட்டுட்டேன்."

"அந்த ஆஸ்பத்திரிக்கும் செஞ்சீங்க."

"ஆமா. எங்க கம்பெனி மூலமா. அப்பதான் இவரைப் பாத்தேன்." என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். "டேபிள் டேபிளாப் போய் டீ வேணுமான்னு கேட்டுட்டு இருந்தார். பியூன்னு நினைச்சுட்டேன்."

நானும் சிரித்திருக்க வேண்டும். அந்தம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு, கடிதத்தைப் பிரித்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து வாசித்தார்.

"'மாதப் பெயருக்காக இந்த வசதியைச் சேர்த்திருக்கிறோம். ஆனால் முன்னுரிமைப் பட்டியலை அடுக்கும்போது ஓட்டுபவருடைய அமைப்பை நம்பக் கூடாது. அவர் தன் விருப்பப்படி அட்டவணை தயாரித்து வரிசையை மாற்ற முடியும். பட்டியலுக்கு மட்டும் நிலையான அமைப்பை வலுக்கட்டாயமாக வைத்துவிடுங்கள். ஒரு வரி போதும்.' பத்து வருஷம் முன்னாடி எழுதினது. கீழ உங்க கையெழுத்து. ஹெட் படிக்காமலே ஃபைல்ல போட்டிருக்கார். இப்ப காட்டினப்ப அந்த மனுஷன் அழுதுட்டார்."

ஸ்கேல் அம்மா கடிதத்தை மேசை மேல் வைத்தார்.

"அந்த ஓட்டை இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரியில யாருக்குமே தெரியாது. எச்சரிக்கை எழுதினவங்களைத் தவிர. டேப்ல பாத்தோம். உங்க வீட்டுக்காரர் ஃபோல்டர்ல ஒரு சின்ன அட்டவணை. அதுல நாலு எல்லாத்துக்கும் முன்னாடி. வெள்ளிக்கிழமை 3.52-க்கு வீட்டிலேருந்து எழுதினது. 3.40-க்கு அவருக்குப் போன் வந்துச்சு. 3.52-க்கு அவர் எங்க இருந்தார்?"

"குளிச்சுட்டு இருந்தார்" என்றாள் என் மனைவி. பிறகு முகமூடியைக் கழற்றினாள். டாக்டர் கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார். "நான்தான் மேடம். இவரோட ஆஸ்பத்திரி லேப்டாப் மேசை மேல இருந்துச்சு. பாஸ்வேர்டு தெரியும். பொருந்துற லிஸ்ட்ல நான் வருவேனான்னுகூட அப்ப தெரியாது. வந்தா மேல வரட்டும்னு எழுதினேன். யாரைத் தாண்டிப் போறேன்னு தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரே ரத்தம்னு தெரியும். பக்கத்து நாற்காலி. நம்பர் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவார். 'என்னம்மா 419, மாடி ஏற இன்னும் நேரமாகுமே'ன்னு."

ஸ்கேல் அம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

"இவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம். சத்தியமா. இவரை விட்டுடுங்க. என் பேரை எழுதுங்க."

"எழுதத்தான் போறேன். ஆனா முழுசா எழுதணுமே." அந்தம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "திங்கக்கிழமை அவரை என் முன்னாடி ஓட்டச் சொன்னேன். வரிசை சரியா வந்துச்சு. அப்படின்னா அதுக்குள்ள யாரோ அந்த அட்டவணையை அழிச்சிருக்காங்க. எப்பன்னு மெஷின்லயே இருக்கு. சனிக்கிழமை காலையில, 6.10-க்கு, இந்த வீட்டிலேருந்து. அப்ப நீங்க ஐசியூவுல மயக்கம் தெளியாம இருந்தீங்கம்மா."

என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எட்டு வருஷம், வாரத்துக்கு நாலஞ்சு லிஸ்ட். கையெழுத்துப் போடும்போது 430 தப்பான எடத்துல இருக்கிறது இவர் கண்ணுல படாம இருக்காது. முதல் வரியைப் பாத்து யார் வேணா ஏமாறலாம். இவர் ஏமாற முடியாது. பாத்தார். புரிஞ்சுது. கையெழுத்துப் போட்டார். அறுவை நல்லபடியா முடியற வரைக்கும் இருந்துட்டு, விடிஞ்சதும் போய் அழிச்சார். 4.35-க்கும் 4.40-க்கும் நடுவுல அஞ்சு நிமிஷம். சிஸ்டர் கைக்குத் தாள் போறதுக்கு முன்னாடி, மெஷின் தப்பா போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கிட்னி 273-க்குப் போயிருக்கும். செஞ்சது அவங்க. நடக்க விட்டது நீங்க தம்பி."

"உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள் அவள்.

"பிரிண்ட் வந்தப்பவே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயும் சொல்லலையே."

ஆறு வாரம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவள் எனக்குத் தெரியாமல் ஒன்றைச் சுமப்பதாக நினைத்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரியக்கூடாதென்று நான் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மெக்கானிக் இறந்த செய்தி வந்த அன்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றினோம். அந்தத் தேறுதல்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது.

ஸ்கேல் அம்மா கடிதத்தை மடித்தார். "சட்டப்படி என்ன ஆகும்னு வக்கீல் சொல்வார். கிட்னியைத் திருப்பிக் குடுக்கிறதுக்குச் சட்டம் இல்ல. முகமூடியைப் போட்டுக்கங்கம்மா."

என் மனைவி போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அவர் அக்காகிட்ட நானே போய்ச் சொல்லலாமா?"

"சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். தடுக்கவும் மாட்டேன். ஆனா மன்னிப்பு வாங்கிட்டு வரலாம்னு போகாதீங்க."

வழக்கு நடந்தது. எனக்கு வேலை போனது, ஏழு மாதம் உள்ளே இருந்தேன். அவளுக்கு உடல்நிலையைக் கருதித் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். ஹெட் ராஜினாமா செய்தார். அந்தப் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் அதற்குப் பிறகு நான்கு வருடமும் இரண்டு மாதமும் இருந்தாள்.

நான் சொல்ல நினைத்தது வழக்குக்கு எல்லாம் முன்பு, ஸ்கேல் அம்மா வந்து போன இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்குப் போனதை.

மூன்றாம் மாடி. படிக்கட்டுதான். அவள் எனக்கு முன்னால் ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்றாள். "என்னம்மா, முடியலையா?" என்றேன். "மூச்சே வாங்கலைங்க" என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்கா கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பின்னால் சுவரில் மெக்கானிக்கின் வேலைச் சட்டை, பையில் டெஸ்டருடன், ஆணியில் மாட்டியபடியே இருந்தது.

என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். லேப்டாப், அட்டவணை, நாலு எல்லாவற்றுக்கும் முன்னால். நான் என் ஐந்து நிமிடத்தைச் சொன்னேன். எங்கள் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. கீழ் வீட்டில் யாரோ ரேடியோவை அணைத்தார்கள்.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்:

"இப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"மூணு லிட்டர். நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காங்க."

"அவனுக்கு அரை லிட்டர். அதுக்கு மேல குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கும். கடைசி வாரம் வாயில ஒரு ஐஸ்கட்டியை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். உங்களுக்குக் கிட்னி கிடைச்சுதுன்னு வீட்டுக்கு வந்து சொன்னதே அவன்தான். 'பாவம், சின்னப் பொண்ணு, பொழைச்சுக்கிச்சு'ன்னான்."

உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பெரிய எவர்சில்வர் டம்ளரில் வழிய வழியத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார்.

"குடிங்க. நான் பாக்கணும்."

என் மனைவி முகமூடியை இறக்கினாள். வாசற்படிக்கு வெளியே நின்றபடி, நிறுத்தாமல், முழுவதையும் குடித்தாள். அக்கா டம்ளரை வாங்கி, ஒரு சொட்டாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது போல உள்ளே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.